கரி தரும் சான்று: பத்து ஆராங் சுரங்கப் பாதையும் அதன் தமிழ்ச் சொற்களும்



இவ்வுரைத் தொடரில் பேசுமாறு என்னை அழைத்தவர்கள், ஓய்வுபெற்ற மொழியியலாளன் ஒருவனிடமிருந்து இலக்கணம் பற்றியோ பேச்சுவழக்குப் பற்றியோ ஓர் உரையை எதிர்பார்த்திருக்கக்கூடும். நான் தேர்ந்துகொண்டதோ நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சென்ற இருப்புப்பாதைகளையும் அவற்றில் ஓடிய நீராவி எஞ்சின்களையும். இத்தேர்வுக்குக் காரணங்கள் இரண்டு. என் தந்தையார் அத்தகைய எஞ்சின்களில் கரி தள்ளும் பயர்மேனாகப் பணியாற்றியவர் என்பது ஒன்று. ஒரு தொழில் மறையும்போது அதன் கருவிகளைத் தேடி எடுத்துப் பாதுகாக்கும் நாம், அத்தொழில் வழங்கிய சொற்களைத் தேடுவதில்லை என்பது மற்றொன்று. இவ்விரண்டாவது காரணத்தில் என் பிழையும் அடங்கியிருக்கிறது. அதனை உரையின் இறுதியில் கூறுவேன்.

1950களின் நடுப்பகுதியில் சிலாங்கூர் மாநிலத்தின் குவாங் நிலையத்துக்கு அருகே, ரயில்வே குடியிருப்பில் நாங்கள் வாழ்ந்தோம். கோலாலம்பூரிலிருந்து வடக்கே ரவாங் நோக்கிச் செல்லும் பெரும்பாதையிலிருந்து பத்து ஆராங் சுரங்கத்துக்குச் செல்லும் கிளைப்பாதை அங்கேதான் பிரிந்தது. காற்று பாதையின் பக்கமிருந்து வீசும் நாள்களில் அம்மா வெள்ளைத் துணிகளை வெளியே உலர்த்தமாட்டார். அப்பா பணி முடிந்து திரும்பும்போது கண்ணிமைகளின் ஓரத்தில் மை தீட்டியது போலக் கரி படிந்திருக்கும். எவ்வளவு கழுவினாலும் அது முழுமையாகப் போவதில்லை. பள்ளியில் தந்தையின் தொழில் என்னவென்று கேட்டால், நான் ‘ரயில்வே’ என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வேன். கரி தள்ளுபவர் என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது.

சுரங்கத்தில் பிறந்த எஞ்சின்

நீராவி எஞ்சின் பயணிகளுக்காகப் பிறந்தது என்றே மாணவர்கள் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது சுரங்கத்துக்கும் இரும்பாலைக்கும் பிறந்த பிள்ளை. 1804ஆம் ஆண்டு பிப்ரவரி 21ஆம் நாள், வேல்ஸ் நாட்டுப் பெனிடாரன் இரும்பாலையில் ரிச்சர்ட் டிரெவிதிக் உருவாக்கிய எஞ்சின் 10 டன் இரும்பையும் ஏறத்தாழ 70 ஆள்களையும் இழுத்துக்கொண்டு ஒன்பதே முக்கால் மைல் தொலைவைக் கடந்தது. அதற்கு நான்கு மணி நேரத்துக்கும் சற்றே கூடுதலாகப் பிடித்தது. எஞ்சின் வென்றது, ஆயினும் வார்ப்பிரும்பால் ஆன பாதை அதன் எடையைத் தாங்காமல் உடைந்தது.

அடுத்த பத்து ஆண்டுகளில் இம்முயற்சியை முன்னெடுத்துச் சென்றவை இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களே. நெப்போலியன் காலப் போர்களால் குதிரைத் தீவனத்தின் விலை ஏறியது. சுரங்கத்தில் கரி மலிவாகக் கிடைத்தது. குதிரைக்கு இடும் தீனியோ விலை உயர்ந்துகொண்டே போனது. ஆகவே குதிரையை நீக்கிவிட்டுக் கரியைத் தின்னும் பொறியை அமர்த்துவது சுரங்க உரிமையாளர்களுக்கு ஆதாயமாகத் தோன்றியது. லீட்ஸ் நகரத்து மிடில்டன் சுரங்கப் பாதையில் 1812இல் பற்சக்கரம் கொண்ட எஞ்சின்கள் ஓடத் தொடங்கின. வைலம் சுரங்கத்தில் வில்லியம் ஹெட்லியின் ‘பஃபிங் பில்லி’ எழுந்தது. கில்லிங்வொர்த் சுரங்கத்தில் 1814ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் ஜார்ஜ் ஸ்டீபன்சன் ஓட்டிக் காட்டிய எஞ்சின், 30 டன் கரி நிறைந்த 8 வண்டிகளை மணிக்கு 4 மைல் வேகத்தில் ஏற்றத்தில் இழுத்துச் சென்றது.

இங்குள்ள மாணவர்கள் ஸ்டீபன்சனின் இளமையை அறிந்துகொள்வது நலம். 1781இல் வைலம் என்னும் சிற்றூரில் பிறந்த அவருடைய தந்தை, சுரங்கத்து நீரிறைக்கும் எஞ்சினுக்குத் தீ மூட்டும் தொழிலாளி. பதினெட்டு வயது வரை ஸ்டீபன்சனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது; பகலில் உழைத்து, இரவுப் பள்ளியில் எழுத்துக் கற்றார். அவர் வடிவமைத்த ஹெட்டன் சுரங்கப் பாதை, விலங்கின் உழைப்பே இல்லாமல் இயங்குவதற்கென்று திட்டமிடப்பட்டு 1822இல் திறக்கப்பட்டது. 1825ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் தொடங்கிய புகழ்பெற்ற ஸ்டாக்டன் – டார்லிங்டன் பாதையின் முதல் நோக்கமும் உள்நாட்டுக் கரியை ஆற்றுத்துறைக்குக் கொண்டு சேர்ப்பதே. இன்று உலகின் பெரும்பகுதியில் இருப்புப்பாதையின் அகலமாக விளங்கும் 4 அடி எட்டரை அங்குலம், வடகிழக்கு இங்கிலாந்தின் சுரங்க வண்டிப் பாதைகளிலிருந்து வந்த அளவே.

இந்தியாவிலும் இந்நிலையே. பம்பாய்க்கும் தாணாவுக்கும் இடையே 1853இல் முதல் பயணிகள் வண்டி ஓடிய இரண்டாம் ஆண்டில், வங்காளத்தில் ஹௌராவிலிருந்து ராணிகஞ்ச் நிலக்கரிப் பகுதி வரை பாதை சென்றுவிட்டது. தென்னகத்தில் 1856ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் ராயபுரத்திலிருந்து முதல் வண்டி புறப்பட்டபோது அருகில் சுரங்கம் எதுவும் இல்லை. எனவே எஞ்சின்கள் பல காலம் விறகையும் எரித்தன. சோழமண்டலக் கரையில் சவுக்குத் தோப்புகள் பரவியதற்கு இவ்விறகுத் தேவையும் ஒரு காரணம்.

பிறந்த இடத்திலேயே அவ்வெஞ்சின் தன் இறுதி நாள்களையும் கழித்தது. பிரிட்டிஷ் ரயில்வே 1968 ஆகஸ்டில் பெரும்பாதைகளில் நீராவியைக் கைவிட்ட பின்னரும், சில நிலக்கரிச் சுரங்கங்களின் பாதைகளில் சிறு எஞ்சின்கள் 1980களின் தொடக்கம் வரை உழைத்தன. தாம் எரிக்கும் கரியின் வாயிலிலேயே அவை நின்றதால் எரிபொருளுக்குத் தனிச் செலவு மிகுதியாக இல்லை.

பத்து ஆராங்

இனி நம் நாட்டுக் கதைக்கு வருவோம். மலாயாவின் முதல் இருப்புப்பாதை 1885ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் நாள் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே ஈயத்தை ஏற்றிச் செல்லத் திறக்கப்பட்டது. பாதைகள் நீண்டுகொண்டே போக, எரிபொருளின் தேவையும் வளர்ந்தது. 1908இல் சிலாங்கூரில் நிலக்கரி இருப்பது தெரியவந்தது. ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல் என்பார் முன்னின்று ‘மலாயன் கோலியரீஸ்’ என்னும் நிறுவனத்தை 1913இல் அமைத்தார்; 1915இல் கரி வெட்டும் பணி தொடங்கியது. குவாங்கிலிருந்து காட்டின் ஊடே ஒரு கிளைப்பாதை சுரங்கத்துக்கு இடப்பட்டது. அவ்விடத்தின் பெயர் பத்து ஆராங். மலாயில் ‘பத்து’ என்றால் கல். ‘ஆராங்’ என்றால் கரி. ஊரின் பெயரே அதன் தொழிலைச் சொல்லிவிடுகிறது.

இச்சுரங்கத்துக்கும் ரயில்வேக்கும் இடையே இருந்த உறவைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். கரியை வெளியே கொண்டுவரச் சுரங்கத்துக்கு ரயில் வேண்டும். ஓடுவதற்கு ரயிலுக்குக் கரி வேண்டும். சுரங்கத்தின் தலையாய வாடிக்கையாளர் ரயில்வேயே. கோலாலம்பூருக்கு விளக்கேற்றிய மின்நிலையமும் ஈயச் சுரங்கங்களின் பொறிகளும் அடுத்த இடத்தில் நின்றன. மேற்பரப்பைத் தோண்டியும் நிலத்தடியில் குகை குடைந்தும் கரி எடுக்கப்பட்டது. ஊரில் செங்கல் சூளையும் ஒட்டுப்பலகைத் தொழிலும் எழுந்தன. 1940ஆம் ஆண்டில் கரி உற்பத்தி ஏழு லட்சம் டன்னைக் கடந்தது.

அக்கரியின் இயல்பையும் குறிப்பிட வேண்டும். நிலவியல் கணக்கில் அது இளமையான கரி. வேல்ஸ் நாட்டுக் கரியைப் போல் இறுகியதன்று, ஈரம் மிகுந்தது, காற்றுப் பட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கும் தன்மையது. நிலத்தடியில் தானாக எழும் தீ, பத்து ஆராங்கின் தீராத தொல்லையாக இருந்தது. கரி எடுத்து வெறுமையான இடங்களை மணலும் நீரும் கலந்து நிரப்பியதற்கு இதுவும் ஒரு காரணம். எஞ்சினில் இட்டாலோ அது விரைந்து எரியும்; பொறிகளை வாரி இறைக்கும். இதனால் பயர்மேனின் உழைப்புக் கூடியது.

உழைத்தவர்கள் யார்? சுரங்கத்துக்குள் கரி வெட்டியவர்களுள் பெரும்பாலோர் குத்தகையாளர்களின் கீழ் வேலை செய்த சீனர்கள். தமிழரும் பிற இந்தியரும், மலாய்க்காரரும் சாவகத்தாரும் அங்கே உழைத்தனர். பாதை இடுதல், பாதைப் பராமரிப்பு, எஞ்சின் கொட்டகை, கரி தள்ளுதல் ஆகிய ரயில்வே பணிகளில் தமிழர் மிகுதி. நிலைய அதிகாரிகளாகவும் எழுத்தர்களாகவும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தோர் பலர் இருந்தனர். செந்தூல் பட்டறையும் பிரிக்பீல்ட்ஸ் குடியிருப்பும் தமிழ் வழங்கும் இடங்களாக ஆனது இவ்வாறே.

1936 நவம்பரிலும் 1937 மார்ச்சிலும் பத்து ஆராங்கில் பெரும் வேலைநிறுத்தங்கள் நடந்தன. உலகப் பொருளாதார மந்தத்தின்போது தாழ்ந்த கூலி, விலைவாசி ஏறிய பின்னும் உயரவில்லை. குத்தகைமுறை தொழிலாளியின் கையில் சேர வேண்டியதைக் குறைத்தது. 1937இல் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் சுரங்கத்தைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, தாமே குழு அமைத்து ஊரை நடத்தினர். மார்ச் 27ஆம் நாள் காவல்படை உள்ளே நுழைந்து அதனை முடிவுக்குக் கொண்டுவந்தது. அரசு அஞ்சியதற்குக் காரணம் தெளிவு. கரி நின்றால் ரயில் நிற்கும், மின்சாரமும் நிற்கும், ஈயம் துறைமுகம் சேராது. எஞ்சினில் கரி தள்ளும் ஒரு கைக்கும் குகையில் கரி வெட்டும் ஒரு கைக்கும் இவ்வளவு ஆற்றல் இருந்தது என்பதை அன்று நாடே உணர்ந்தது.

பின்னர் ஜப்பானியர் காலம் வந்தது. கிழக்குக்கரைப் பாதையின் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டுச் சயாம் – பர்மா பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டன. தோட்டத் தமிழர்களும் பெருந்தொகையாக அங்கே கொண்டுசெல்லப்பட்டு மாண்டனர். நீராவி எஞ்சினின் ஊதல் எல்லார்க்கும் இனிய நினைவாக இருந்ததில்லை. சயாம் மரண ரயிலிலிருந்து மீண்டு வந்த முதியவர் ஒருவர் எங்கள் குடியிருப்பில் இருந்தார். இரவில் எஞ்சின் ஊதினால் எழுந்து உட்கார்ந்துவிடுவார் என்று அம்மா சொல்வார்.

போருக்குப் பின் ரயில்வே எஞ்சின்களை எண்ணெய் எரிக்கும் முறைக்கு மாற்றத் தொடங்கியது. 1948இல் அவசரகாலம் பிறந்தபோது பத்து ஆராங் தாக்குதலுக்கு உள்ளானது. 1957 முதல் டீசல் எஞ்சின்கள் வந்தன. சுரங்கத்தை வளர்த்த ரயில்வேயே கரியை விட்டு விலகியதும், சுரங்கத்துக்கு வாங்குவார் குறைந்தனர். 1960இல் பத்து ஆராங் சுரங்கம் மூடப்பட்டது. அப்போது எனக்கு வயது பதினான்கு. இன்று அங்கே சென்றால் செங்கல் சூளையின் புகைபோக்கியும், தோண்டிய குழிகளில் தேங்கிய நீரும் மட்டுமே முன்பு நடந்ததைக் காட்டும்.

உலைவாயின் முன்

ஒரு பயர்மேன் என்ன செய்தார் என்பதை இன்றைய மாணவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. கரியை அள்ளித் தீயில் போடுவதுதானே என்று நானும் சிறுவனாக இருந்தபோது நினைத்தேன்.

கொதிகலனில் நீர் இருக்கும் அளவை ஒரு கண்ணாடிக் குழாய் காட்டும். நீர் குறைந்து, தீப்பெட்டியின் மேற்கூரை வெளிப்பட்டால் அக்கூரை பழுக்கக் காய்ந்து வலுவிழக்கும், கொதிகலன் வெடிக்கும். அதனைத் தடுக்கக் கூரையில் ஈயம் நிறைத்த திருகு ஒன்று வைத்திருப்பர். நீர் இறங்கினால் அவ்வீயம் உருகி, நீராவி தீயின்மேல் பாய்ந்து எச்சரிக்கும். அந்நிலை வரை விட்ட பயர்மேனுக்குத் தலைகுனிவு. ஆகவே ஒரு கண் நீர்க்குழாயிலும் மறுகண் நீராவி அழுத்தத்தைக் காட்டும் முள்ளிலும் இருக்க வேண்டும்.

தீயைப் பரப்புவதும் ஒரு கலை. ஒரே இடத்தில் குவித்தால் கரி வேகாமல் கரும்புகையாகப் போகும். ஓரிடத்தில் மெலிந்தால் அவ்வோட்டை வழியே குளிர்காற்று நுழைந்து நீராவியைக் குறைக்கும். ஏற்றம் வருமுன் தீயை வளர்க்க வேண்டும். ஏற்றத்தில் ஏறும்போது வளர்த்துப் பயனில்லை. எனவே பயர்மேனுக்குப் பாதையின் ஒவ்வொரு மேடும் வளைவும் நினைவில் இருந்தாக வேண்டும். மழை நாளில் சக்கரம் வழுக்கினால் தண்டவாளத்தின்மேல் மணல் தூவ வேண்டும். இவை அனைத்தையும் ஆடிக்கொண்டிருக்கும் இரும்புத் தட்டின்மேல் நின்றபடி, முன்னே அனலும் பின்னே மழையுமாகச் செய்ய வேண்டும்.

பள்ளி விடுமுறை நாளொன்றில் அப்பா என்னை எஞ்சின் கொட்டகைக்கு அழைத்துச் சென்றார். உலைவாயின் கதவைத் திறந்து, “பாருப்பா, நிறத்தப் பாரு” என்றார். சிவப்பாக இருந்தால் பற்றாது, வெளுப்புக்கு வர வேண்டும் என்றார். என் முகத்தில் அனல் அடித்ததால் ஒரு நொடிக்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். தீயின் நிறத்தைப் படிப்பதும் ஒரு படிப்பு என்பது எனக்கு அன்று விளங்கவில்லை.

சொற்கள் தரும் செய்தி

இனி என் துறைக்குள் வருகிறேன். புதிய பொறி ஒன்று வரும்போது ஒவ்வொரு மொழியும் அதன் ஒரு கூற்றைப் பிடித்துக்கொண்டு பெயரிடுகிறது. மலாய் ‘கெரேத்தா அப்பி’ என்றது. தீ வண்டி என்பது பொருள். சீனத்தின் ‘ஹுவோசெ’ என்பதும் தீ வண்டியே. மலையாளம் ‘தீவண்டி’ என்றது. தமிழும் தெலுங்கும் சிங்களமும் புகையைக் கண்டன. கன்னடமோ நீராவியைக் கண்டு ‘உகிபண்டி’ என்றது. நம் புகைவண்டியையும் இலங்கைத் தமிழரின் புகையிரதத்தையும் இவ்வரிசையில் வைத்துப் பாருங்கள். இன்று மின்சாரத்தில் ஓடும் வண்டிக்கும் மலாய் மொழி தீயின் பெயரையே வைத்திருக்கிறது. மறைந்த எஞ்சின் சொல்லுக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. தமிழோ ‘தொடர்வண்டி’ என்று வேறொரு பெயரையும் ஆக்கிக்கொண்டது. இங்கே சிங்கப்பூரில் ‘பெருவிரைவு ரயில்’ என்கிறோம்.

‘இருப்புப்பாதை’ என்னும் சொல்லை மாணவர் சிலர், இருத்தல் என்னும் வினையோடு தொடர்புபடுத்திக் குழம்புவதைக் கண்டிருக்கிறேன். இது இரும்பு + பாதை. மென்றொடர்க் குற்றியலுகரச் சொற்கள் சில, புணர்ச்சியில் வன்றொடராகும். கரும்பு வில் கருப்புவில் ஆவதும் மருந்துப் பை மருத்துப்பை ஆவதும் இவ்விதியே. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பொறிக்குப் பழைய புணர்ச்சி விதி இயல்பாகப் பெயர் அமைத்துக் கொடுத்தது. ‘தண்டவாளம்’ என்னும் சொல்லுக்கு வார்ப்பிரும்பு என்ற பொருளும் அகராதியில் உண்டு. பொருளின் பெயர் அப்பொருளால் ஆன பாதைக்கு ஆகிவந்தது. ஒருவனுடைய வண்டவாளம் தண்டவாளம் ஏறுகிறது என்னும் வழக்கு, ரயில் மக்களின் நகைச்சுவைக்குள்ளும் புகுந்துவிட்டதைக் காட்டும்.

‘நிலக்கரி’ என்பதும் கருதத்தக்கது. மரத்தை எரித்துப் பெறுவது கரி. நிலத்தில் கிடைப்பது நிலக்கரி. நிலவேம்பு, நிலப்பனை, நிலக்கடலை என்னும் வரிசையில் இது எளிதாக அமர்கிறது. நெய்வேலியில் 1950களில் சுரங்கம் அமைந்தபோது ‘பழுப்பு நிலக்கரி’ என்று மேலும் ஓர் அடை சேர்ந்தது. எங்கள் வீட்டிலோ ‘நிலக்கரி’ என்று யாரும் சொன்னதில்லை. ‘கரி’தான். அடுப்புக்கரிக்குத்தான் அடை தேவைப்பட்டது. அதனை ‘அடுப்புக்கரி’ என்போம். ஓர் ஊரில் எது பொதுவானதோ அது அடையின்றி நிற்கும். அடையைப் பார்த்தே அவ்வூரின் பொருளியலை ஓரளவு கூறிவிடலாம்.

தொழிலாளர் தாமே ஆக்கிய சொற்கள் மேலும் அழகியவை. கை நீட்டி வழிகாட்டும் சமிக்ஞைக் கம்பத்தைக் ‘கைகாட்டி’ என்றனர். ஸ்டேஷன் ‘டேசன்’ ஆயிற்று. சொல்லின் முதலில் மெய்ம்மயக்கத்தை ஏற்காத தமிழின் இயல்பு, பள்ளி செல்லாதவர் நாவிலும் பிழையின்றி இயங்கியது. தொழிலாளர் தலைவரை மலாய்வழி ‘மண்டோர்’ என்றனர். அது போர்த்துக்கீசியத்திலிருந்து மலாய்க்கு வந்த சொல். வேலை தொடங்குவதை அறிவிக்கும் ஊதலைச் ‘சங்கு’ என்றனர்.

இவை அனைத்தினும் எனக்கு வியப்பளித்த சொல் ஒன்று உண்டு. கரி எரிந்தபின் தீத்தட்டில் உருகி இறுகிப் படியும் கசடைப் பயர்மேன்கள் நீண்ட கம்பியால் இடித்து எடுக்க வேண்டும். ஆங்கிலத்தில் இதற்குக் ‘கிளிங்கர்’ என்று பெயர். அப்பா அதனைக் ‘கிட்டம்’ என்பார். கிட்டம் என்பது இரும்புக் கசடுக்குக் கொல்லர் வழங்கிய பழஞ்சொல். கிட்டத்தட்ட என்பதில் வரும் ‘கிட்ட’ போலும் என்று நான் நெடுநாள் நினைத்திருந்தேன்! பின்னாளில் அகராதியில் கண்டபோதுதான் உண்மை தெரிந்தது. கொல்லனின் உலையும் துருத்தியும் சங்கப் பாடல்களிலேயே உவமைகளாக வருகின்றன. அந்த உலைக்களத்துச் சொல்லொன்று கடல் கடந்து வந்து, மலாயாக் காட்டின் நடுவே எஞ்சினின் உலைவாயில் மீண்டும் வேலை செய்திருக்கிறது. அப்பா அதனை யாரிடம் கற்றார்? அவருக்கு முன்பிருந்த பயர்மேனிடமா? கொல்லர் மரபில் வந்த உடன்பணியாளர் ஒருவரிடமா? எனக்குத் தெரியாது. கேட்கவேண்டிய நாளில் நான் கேட்கவில்லை.

கேட்கத் தவறியவை

1970களின் தொடக்கத்தில் நான் சிதம்பரத்தில் ஆய்வு மாணவனாக இருந்தேன். மீட்டர் பாதையில் நீராவி எஞ்சின்கள் அங்கே அன்றாடம் சென்றுகொண்டிருந்தன. அவற்றின் ஒலி கேட்டே பொழுதை அறிந்துகொள்வோம். ஒலிப்பதிவுக் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு, கொள்ளிடக் கரையின் சிற்றூர்களில் உழவர்களையும் மீனவர்களையும் தேடிச் சென்று, ஏரின் உறுப்புகளுக்கும் வலையின் வகைகளுக்கும் என்ன பெயர் என்று கேட்டுப் பதிவு செய்தேன். பல நூறு சொற்கள் சேர்ந்தன. அவை என் பட்டத்துக்கு உதவின.

அக்கருவியை ஒருமுறைகூட என் தந்தையின் முன் வைக்கவில்லை. அவர் பேசியது ஆய்வுக்குரிய மொழி என்று எனக்குத் தோன்றவே இல்லை. உழவன் சொன்னால் அது வட்டார வழக்கு. அப்பா சொன்னால் அது வீட்டுப் பேச்சு. என் ஆய்வு முடிவதற்கு முன்பே அவர் மறைந்தார். நான் திரும்பி வந்து, நினைவில் இருந்தவற்றை எழுதிப் பார்த்தேன். பள்ளிக் குறிப்பேட்டில் இரண்டு பக்கம் நிறையவில்லை. இருபத்தேழு சொற்கள். முப்பது ஆண்டு எஞ்சினில் நின்றவரிடமிருந்து, மொழியியல் கற்ற மகனுக்கு எஞ்சியவை அவ்வளவே.

வடகிழக்கு இங்கிலாந்தின் சுரங்கத் தொழிலாளரின் பேச்சுக்குப் ‘பிட்மாட்டிக்’ என்று தனிப்பெயரே உண்டு. சுரங்கங்கள் மூடப்பட்ட பின், பில் கிரிஃபித்ஸ் என்னும் அறிஞர் அச்சொற்களைத் தொகுத்து 2007இல் நூலாக வெளியிட்டார். அங்கே எஞ்சின்களைப் பழுதுபார்த்து ஓட்டிக்காட்டும் ஆர்வலர்களோடு, சொற்களைத் தேடுவோரும் இருக்கின்றனர். நம்மிடையே சுரங்க நிறுவனத்தின் கணக்குகள் இருக்கின்றன. டன் அளவும் ஈவுத்தொகையும் தெரிகின்றன. கரி தள்ளியவர் தீயின் நிறங்களுக்கு என்னென்ன பெயர் வைத்திருந்தார் என்பது எந்தக் கணக்கிலும் இல்லை.

ஆசிரியப் பெருமக்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. 2011ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாளோடு இந்நகரின் தஞ்சோங் பகார் நிலையத்தில் ரயில் நின்றுவிட்டது. அப்பாதையில் உழைத்தவர்கள் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். துறைமுகத்திலும் கப்பல் பட்டறையிலும் தோட்டத்திலும் உழைத்து ஓய்ந்தவர்களும் உள்ளனர். ஒரு பருவத்துக்கு ஒரு பயிற்சியாக, மாணவர்கள் தத்தம் குடும்பத்து முதியவர் ஒருவரின் தொழிற்சொற்களைத் திரட்டட்டும். என் அனுபவத்தில் தெரிந்த சில நெறிகளைக் கூறுகிறேன். ‘உங்கள் தொழிலில் என்னென்ன சொற்கள் இருந்தன?’ என்று கேட்டால் யாராலும் விடை சொல்ல இயலாது. ‘காலையில் வேலைக்குப் போனதும் முதலில் எதைக் கையில் எடுப்பீர்கள்?’ என்று கேளுங்கள். பொருளின் படத்தையோ பொருளையோ காட்டுங்கள். ‘இஞ்சின்’ என்று அவர் சொன்னால் ‘எஞ்சின்’ என்று திருத்தாதீர்கள், கேட்டவாறே எழுதுங்கள். மலாய்ச் சொல்லோ சீனச் சொல்லோ வந்தால் அதனைக் கழித்துவிட வேண்டா. பல மொழியினர் ஒரே குகையிலும் ஒரே பாதையிலும் உழைத்தனர் என்பதற்கு அதுவே சான்று. ஒவ்வொரு சொல்லோடும் அவர் சொன்ன ஒரு வாக்கியத்தையும் எழுதிக்கொள்ளுங்கள்; வாக்கியமின்றி வந்த சொல்லின் பொருள் பத்தாண்டுக்குப் பின் எழுதியவருக்கே புரியாது.

கரி என்னும் சொல்லுக்குத் தமிழில் மற்றொரு பொருளும் உண்டு. சான்று, சாட்சி என்பது அப்பொருள். திருக்குறளின் நீத்தார் பெருமை அதிகாரத்தில் அப்பொருளில் அது ஆளப்பட்டிருக்கிறது. எரியும் கரியும் சான்றாகிய கரியும் வடிவால் மட்டும் ஒத்தவை; ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று நான் சொல்லமாட்டேன். அவ்வாறு சொன்னால் என் மாணவர்களே என்னைத் திருத்துவர். ஆயினும் என் குறிப்பேட்டின் இருபத்தேழு சொற்களைப் பார்க்கும்போதெல்லாம் இரண்டு பொருளும் ஒருங்கே நினைவுக்கு வருகின்றன. அப்பாவின் கண்ணோரத்தில் படிந்திருந்த கரியைக் கண்டு நான் கூசினேன். அவர் உழைப்புக்கு இருந்த சான்று அதுவே.

உங்கள் வீடுகளில் உள்ள முதியவர்களிடம் இன்றே கேளுங்கள்.